பின்முடி

2024 நவம்பரில், மண்டல காலம் தொடங்கும் தறுவாயில், சபரிமலை தந்திரி கண்டரரு ராஜீவரு திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருமுடிக்குள் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் எதுவும் வேண்டாம் என்பது அதன் சாரம். சன்னிதானத்துக்குக் கொண்டுவரப்படும் இந்தப் பொருள்களில் பெரும்பகுதி பூஜைக்கு உதவாமல் குப்பையாகக் குவிகிறது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதே கையோடு இன்னொன்றும் சொல்லப்பட்டது: அந்தக் காலத்தில் பக்தர்கள் காட்டுவழியே நடந்து வந்து, ஆங்காங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டார்கள், அதற்கான சாமான்களைப் பின்முடியில் கட்டிக்கொண்டார்கள், இப்போது எங்கும் சாப்பாடு கிடைப்பதால் அவ்வளவு தேவையில்லை, கொஞ்சம் அரிசி போதும்.

எங்கள் வடசென்னைத் திருவொற்றியூரில் கார்த்திகை பிறந்தால் கறுப்பும் நீலமும் காவியுமாக வேட்டிகள் நிறைந்துவிடும். தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வருகிறவர், துறைமுகத்து லாரி ஓட்டுகிறவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர் எல்லாருக்கும் அந்த நாட்களில் ஒரே பெயர், சாமி. தந்திரியின் கடிதம் பற்றிய செய்தி வந்த மறுநாள் எங்கள் தெரு பஜனையில் ஒருவர் குருசாமியிடம் கேட்டார். “அப்ப பின்முடி எதுக்கு சாமி? முன்முடிய மட்டும் கட்டினு போயிடலாமே?”

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. அறுபதைத் தாண்டிய பிறகு மாலை போட்டுக்கொண்டவள் நான். என் வயதுக்காரர்கள் மலையேறப் புறப்படும்போது பையில் எதை வைப்பது, எதை விடுவது என்று யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பின்முடி எதற்கு என்ற கேள்விக்கான விடைக்குள் அவர்களுக்கான விடையும் இருப்பதாக நம்புகிறேன்.

இருமுடி என்பது நடுவில் சுருக்கிட்ட ஒரே நீளப் பை. முன்பக்கம் சாமிக்கு உரியது. தேங்காயின் கண்ணைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு நெய் ஊற்றி அடைத்த நெய்த்தேங்காய், பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு இதில் போகும். பின்பக்கம் நடக்கிறவருக்கு உரியது. கட்டும்போது வீட்டார், அண்டை அயலார் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி அள்ளிப் போடுவார்கள். பிறகு இரண்டையும் ஒரே தலையில் தூக்கி வைக்கிறார் குருசாமி. அந்தச் சுமை தலையில் இருந்தால்தான் பதினெட்டாம் படி ஏறலாம். சாமியின் நெய்யும் ஏறுகிறவரின் வயிற்றுக்கான அரிசியும் ஒரே துணியில், ஒன்றுக்கொன்று ஈடு கொடுத்துக்கொண்டு மலையேறுகின்றன. பின்பக்கம் கனம் இல்லாவிட்டால் முன்பக்கம் சரிந்து விழும். உடம்பின் தேவையைக் கீழானது என்று தள்ளிவைக்காமல், சாமிக்கான பொருளுக்குச் சமமாக எடை நிறுத்தி வைத்த ஏற்பாடு இது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நான் வாழும் ஊரும் ஒரு காரணம். எங்கள் ஊர்க் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்த திருவெண்காடர், வளர்ப்பு மகன் விட்டுப்போன பெட்டிக்குள் காதில்லாத ஓர் ஊசியைக் கண்டு எல்லாவற்றையும் உதறிக் கிளம்பினார் என்பது கதை. திருவிடைமருதூரில் அவர் கிழக்கு வாசலிலும், சீடரான பத்திரகிரியார் மேற்கு வாசலிலும் இருந்தபோது, பிச்சை கேட்டு வந்தவரிடம் “மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ” என்று பட்டினத்தார் சொன்னாராம். பத்திரகிரியாரிடம் அப்போது இருந்தவை ஒரு திருவோடும் கூடவே திரிந்த ஒரு நாயும்தான். அந்த ஓடும்கூட மூட்டைதான் என்று கருதிய ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் திருவொற்றியூர். சுமையைக் குறைப்பதே புண்ணியம் என்ற எண்ணம் இந்த ஊர்க்காற்றில் கலந்திருக்கிறது. சமாதிக்கு நானும் போகிறேன், கண்ணை மூடி நிற்கிறேன். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போகும் அறுபத்தெட்டு வயதுக்காரர் துறவி ஆகிவிடுவதில்லை. பாதி வழியில் அவரைத் தூக்குவதற்கு நான்கு பேரைத் தேடவேண்டியிருக்கும். அவரது பாரம் மற்றவர் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இந்த மலை தொடங்குவதே முதுமையின் வாசலில். சிறுமிகளை விட்டால், வழக்கப்படி ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் பெண்கள் மாளிகைப்புறமாக மாலை போட முடிகிறது. அந்த வழக்கம் குறித்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தந்த தீர்ப்பும் அதன் பிறகு நடந்தவையும் தனியே எழுதவேண்டியவை; இங்கே அதற்குள் போகவில்லை. ஆண்கள் இருபதில் கன்னிசாமியாக, அதாவது முதல்முறையாக, போய்ப் பழகிய கால்களோடு அறுபதில் ஏறுகிறார்கள். நாங்களோ அடுப்படியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் தேய்ந்த மூட்டுகளோடு அறுபதில் கன்னியாக ஏறுகிறோம். எங்களுக்கு முன்தயாரிப்பு இரட்டிப்பாக வேண்டும்.

அந்தத் தயாரிப்புக்கு மரபு ஒரு மண்டலம், 41 நாள், தந்திருக்கிறது. விடியலில் குளியல், வெறுங்காலில் நடை, அளவான சாப்பாடு, தரையில் படுக்கை. இதை மனத்தை அடக்கும் ஒழுங்காக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். காட்டு வழி 40 கிலோமீட்டருக்கு மேல் நடக்கப்போகிறவரை, எரிமேலியிலிருந்து அழுதை தாண்டிக் கரிமலை ஏறி இறங்கப்போகிறவரை, உடம்பளவில் தயார்ப்படுத்தும் பயிற்சியும் அதற்குள் இருந்தது. இன்று பெரும்பாலோர் பம்பை வரை வண்டியில் போய், அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மட்டும் ஏறுகிறோம். விரதத்தில் மிஞ்சியிருப்பது குளியலும் பஜனையும், நடை கழன்றுபோய்விட்டது. வயதானவர்கள் முதலில் மீட்டெடுக்க வேண்டியது அந்த நடையைத்தான். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கரைந்ததை முழுவதும் திருப்ப முடியாது. ஆனால் ஆறு வாரத்தில் தொடைத்தசைக்குக் கணிசமாக வலுவேற்ற முடியும். ஒரு மண்டலம் ஏறக்குறைய அதே ஆறு வாரம் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சிக்கல் என்னவென்றால், கார்த்திகை எங்களுக்கு மழைக்காலம். 2023இல் மிக்ஜாம் புயல் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில், விரதத்தின் நட்ட நடுவில். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும் அப்போதுதான். அந்த மண்டலம் முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 26 அன்று, எண்ணூர் பெரியகுப்பத்துப் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். வடசென்னைக்காரர் நுரையீரலுக்கு ஒரு தனிச் சரித்திரம் இருக்கிறது. ஆகவே மலைக்கு முன் ஈசிஜி எடுக்கிறவர்கள் மூச்சையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் வெறுங்காலோடு நடப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் காத்திருக்கிறது.

இன்னொரு குறை, ஊர் தட்டையானது. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் வாழ்கிறவர்கள் ஏற்றம் பழக எங்கே போவது? கடற்கரையும் இப்போது அலைதடுப்புக் கருங்கற்களாகிவிட்டது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது எங்களுக்கு ஒரு மலை கிடைத்தது. மேல்தளத்தில் நிற்கும் அந்த நிலையங்களுக்குத் தெருவிலிருந்து ஏறும் படிக்கட்டு நீளமானது, கைப்பிடி உள்ளது, மழை படாதது. எஸ்கலேட்டரில் ஏறாமல் படியில் ஏறி இறங்கும் வயதான சாமிகளை அதிகாலையில் பார்க்கலாம். தட்டையில் நடக்க, தியாகராஜ சுவாமி கோயிலின் பிராகாரம் இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அங்கே ஆதிபுரீசுவரரின் கவசத்தைக் களைவார்கள். ஆண்டு முழுக்க மூடியிருக்கும் புற்று வடிவத்தை அப்போதுதான் காண முடியும். அந்த மூன்று நாளும் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்பதே மாலைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி. சபரிமலையிலும் ஏறுவதைவிட வரிசையில் நிற்பது அதிக நேரமாகும் நாட்கள் உண்டு.

பயிற்சி செய்கிறவர் படி ஏறுவதை மட்டும் எண்ணக் கூடாது, இறங்குவதையும் பழக வேண்டும். ஏறும்போது வாங்குவது மூச்சு. இறங்கும்போது அடிபடுவது முழங்கால். உடம்பு கீழே சரியாமல் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. அதற்குப் பழகாத தொடை அடுத்த நாள் உட்கார்ந்து எழ விடாது. ஒரு கழி இருந்தால் முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். இளைஞர்கள் நடுவே கழி ஊன்றுவதற்கு வெட்கப்படும் ஆண்களைப் பார்த்து எனக்கு வருத்தம்தான் வரும்.

பிறகு மாத்திரை. பஜனை முடிந்த ஓர் இரவு, சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒரு பெரியவர் குருசாமியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“விரதத்துல மாத்திர போடலாமா சாமி? சிலர் கூடாதுன்றாங்க.”

“உங்களுக்கு மாத்திர எழுதிக் குடுத்தது யாரு?”

“ஸ்டான்லி டாக்டர்.”

“அவரு நிறுத்தச் சொன்னாரா?”

“இல்ல சாமி.”

“அப்ப போடுங்க. ஐயப்பன் கேட்டா என் பேரச் சொல்லுங்க.”

எங்கள் குருசாமி ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலை செய்தவர்கள் என்னவானார்கள் என்று கண்ணால் பார்த்தவர். கேரளச் சுகாதாரத் துறையும் ஒவ்வொரு பருவத்திலும் இதையேதான் அறிவிக்கிறது: வழக்கமான மருந்தை விரதத்துக்காக நிறுத்தாதீர்கள், மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள், புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே நடந்து பழகுங்கள், மெதுவாக ஏறுங்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் சர்க்கரைக்காரர், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்துத் தந்த மாத்திரையை அப்படியே விழுங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். மாலை போடும் முன்பே மருத்துவரிடம் “நான் இப்படிச் சாப்பிடப்போகிறேன்” என்று சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வெறுங்கால் விஷயமும் அப்படியே. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றக் கூடாது. விரதத்தின் பெயரால் கால்விரலை இழந்தவர்கள் இருக்கக்கூடிய ஊர்களில் இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

பையைப் பற்றிச் சொல்கிறேன். மாத்திரையைப் பின்முடிக்குள் கட்டச் சொல்லவில்லை. தலைமேல் இருப்பதை நெஞ்சு வலிக்கிற நேரத்தில் அவிழ்க்க முடியாது. கை எட்டும் தோள்பையில் இருக்கட்டும். ஆனால் அந்தத் தோள்பையைப் பின்முடியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அரிசிக்கு இப்போது அவசியமில்லை என்று தந்திரியே சொல்லிவிட்ட பிறகு, நடக்கிறவரின் பங்கு வெறுமையாகக் கிடக்க வேண்டியதில்லை. இன்றைய வயதான உடம்புக்குக் கட்டுச்சாதம் எதுவோ அது அங்கே போகட்டும்: இரண்டு நாளுக்குக் கூடுதலான மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொஞ்சம் வெல்லம், வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை. கட்டிய பிறகு மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வீட்டில் தூக்கிப் பார்த்து லேசு என்று சொன்னதெல்லாம் பம்பைக்கு மேலே நீலிமலை ஏற்றத்தில் லேசாக இருக்காது.

கண்ணாடியை மறந்துவிடுகிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடியில் படியைப் பார்க்கக் குனிந்தால், கீழ்ப்பாதிப் படிப்புக் கண்ணாடி வழியே படியின் விளிம்பு கலங்கித் தெரியும். நீலிமலையின் கல் பாவிய பாதை மழையில் வழுக்கும். பலரும் இரவில்தான் ஏறுகிறார்கள். தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு மலிவான கண்ணாடி செய்துகொள்ளுங்கள். கையில் டார்ச் வேண்டாம். ஒரு கையில் கழி, மறுகை இருமுடியில். நெற்றியில் கட்டும் விளக்கு அந்தச் சுமைக்கு இடைஞ்சல். கழுத்தில் தொங்கவிடும் சிறு விளக்கு போதும்.

பெண்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. வேனில் போகும்போது கழிப்பறை கிடைக்காது என்று பயந்து முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். நீர் பிரியும் மாத்திரையையும் ஒளித்துவைக்கிறோம். வயதானால் தாகமே குறைவாகத்தான் தெரியும். அதோடு இப்படிச் செய்தால் மலையடிவாரத்துக்கே வறண்ட உடம்போடுதான் போய்ச் சேருகிறோம். தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிற வயதில் இருக்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. பையில் மாற்றுத்துணிக்கு இருக்கும் அதே உரிமை பஞ்சுப் பட்டைக்கும் உண்டு. புடவைதான் கட்டுவேன் என்கிறவர்கள் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்; படியில் கொசுவத்தை மிதித்து விழுவது சகஜம். சுடிதார் போட்டு வந்தவரை எங்கள் குருசாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தலைச்சுமை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. காசிமேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போன பெண்களின் கழுத்து எவ்வளவு நேராக நிற்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார். மற்றவர்களுக்குச் சும்மாடு சுற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். போர்வையை நான்காக மடித்து இருமுடிக்கு அடியில் வைப்பது அதே சும்மாடுதான். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வீட்டிலேயே அரிசிப் பொட்டலத்தை வைத்து நடந்து பார்க்கட்டும். கை மரத்துப்போனால் தோளில் சுமப்பது எப்படி என்று குருசாமியிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. சரணம் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். ஒரு முழுச் சரணம் நடுவில் முறியாமல் வாயில் வருகிறதா, உங்கள் வேகம் சரி. பாதியில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சொல்லவே வரவில்லை என்றால் நில்லுங்கள், ஓரமாக உட்காருங்கள். நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ திடீர் வியர்வையோ வந்தால் உட்கார்ந்து காத்திருக்கவும் கூடாது. நீலிமலை, அப்பாச்சி மேட்டு வழியில் அவசர மருத்துவ மையங்கள் ஆக்சிஜனோடு இருக்கின்றன. பக்கத்தில் வரும் எந்தச் சாமியையும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லலாம். நான்கு பேர் தூக்கும் டோலியும் இருக்கிறது. அதில் போவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அதைத் தூக்குகிறவர்களின் தோளைப் பார்த்தவர்கள் பேரம் பேசாமல் கூலி கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

நெய் அபிஷேகம் முடிந்து திரும்பும்போது முன்முடி காலி. ஆனால் நம் பயணங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தத் திரும்பும் வழியில்தான். பம்பையிலிருந்து திருவொற்றியூர் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மலை இறங்கிய கையோடு, குளித்த ஈரம் காயாமல், வேனில் ஏற்றி முழங்காலை மடக்கி உட்காரவைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு வழியில் இன்னும் நான்கைந்து கோயில்கள், குற்றால அருவி, சிப்ஸ் கடை. இருபது வயதுக் கன்னிசாமிக்கு அது கொண்டாட்டம். அறுபத்தைந்து வயது மாளிகைப்புறத்துக்கு மணிக்கணக்காக மடங்கிக் கிடந்த காலில் வீக்கம் ஏறும், ரத்தம் உறையவும் வழியுண்டு.

ஆகவே குருசாமிமார்களிடம் ஒரு விண்ணப்பம். பயணத் திட்டம் போடும்போதே, குழுவில் வயதானவர் இருந்தால், இரண்டு கோயிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கிய இரவு எரிமேலியிலோ குமுளியிலோ படுத்து எழுந்து கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து, எல்லாரையும் கீழே இறக்கிக் கொஞ்சம் நடக்கவிடுங்கள். டிரைவர் பக்கத்து சீட்டைக் காலை நீட்ட வேண்டியவருக்குக் கொடுங்கள். இதற்காகும் கூடுதல் ஒருநாள் செலவை இருமுடி கட்டும் அன்றே எல்லாரிடமும் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொடுக்க எங்கள் தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.